ராம்ப் போட்டாச்சு, அப்புறம் ஏன் யாரும் வரவில்லை?

கொங்கு நாட்டில் குடும்பத்தோடு வெளியே போக இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை, ஞாயிற்றுக்கிழமை என்றால் கொடிவேரி. பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு, உடுமலைப் பக்கம் திருமூர்த்தி மலை, கோவைக்காரர்களுக்கு உக்கடம் பெரியகுளத்துக் கரை, ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம். ஆனால் கட்டுச்சோறு கட்டி, வண்டியில் ஏறுகிற நேரத்தில் பல வீடுகளில் ஒரு பேச்சு வரும்: "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் ஊட்டப் பாத்துக்கறேன்."

சொல்வது முட்டி வலியுள்ள அமுச்சியாக இருக்கலாம். வீல்சேரில் இருக்கும் அண்ணனாக இருக்கலாம். கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத பையனோடு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்த அம்மாவாகவும் இருக்கலாம். இவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. போனால் என்னென்ன சிரமம் வரும் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இந்த மனக்கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நுழைவுச்சீட்டுக் கவுன்ட்டரில் வந்தவர்கள் எண்ணிக்கை இருக்கும், வராதவர்கள் எண்ணிக்கை இருக்காது. அதனால்தான் "இங்கே வீல்சேரில் யாருமே வருவதில்லையே, எதுக்குங்க இந்தச் செலவு?" என்ற கேள்வி இன்றைக்கும் கேட்கிறது. வர முடியாதபடி ஓர் இடத்தைக் கட்டிவிட்டு, யாரும் வரவில்லை என்பதையே காரணமாகக் காட்டுகிறோம்.

எல்லோரும் வந்துபோகும்படி ஓர் இடத்தை அமைப்பதைப் பற்றிப் பேசும்போது இரண்டு தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வீல்சேர் ஏற வாசலில் ஒரு சாய்தளம், அதாவது ராம்ப், போட்டால் வேலை முடிந்தது என்பது ஒன்று. இதெல்லாம் ஒரு சிலருக்கான தனிச் சலுகை என்பது இன்னொன்று. இரண்டுமே ஏன் சரியில்லை என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. தண்ணீர் திறந்துவிட்ட அன்று தலைமதகில் பூத்தூவுவார்கள், படம் எடுப்பார்கள். ஆனால் கடைமடை விவசாயி அதை வைத்துத் திருப்திப்பட மாட்டார். நடுவில் எங்கோ கரை உடைந்திருந்தாலோ ஒரு மதகு அடைத்துக்கொண்டாலோ அவர் காட்டுக்குச் சொட்டு வராது. அணையில் நூறு அடி தண்ணீர் நின்றாலும் அவருக்கு ஒன்றும் இல்லை.

ஒரு குடும்பம் வெளியே போய் வருவதும் இப்படி ஒரு நீண்ட ஓட்டம்தான். அந்த இடத்தைப் பற்றித் தெரியவேண்டும். அங்கே போக வண்டி வேண்டும். கட்டணம் கட்டுபடியாக வேண்டும். வாசலுக்குள் நுழைய முடியவேண்டும். உள்ளே பாதை, உட்கார நிழல், குடிக்கத் தண்ணீர், போக ஒரு கழிவறை வேண்டும். அப்புறம் எதற்காக வந்தோமோ அது, தண்ணீரோ மலையோ பறவையோ, கைக்கு எட்டவேண்டும். நான்கு பேர் வெறித்துப் பார்க்காமல் இருக்கவேண்டும். திரும்பி வீடு வந்து சேரவேண்டும். இதில் ஒரே ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றதெல்லாம் வீண். ஒருவருக்கு அறுந்தால், அவரைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் குடும்பமே தங்கிவிடுவதும் உண்டு.

இந்த ஓட்டம் முழுவதும் எந்த இடத்திலும் அறுபடாமல் இருப்பதைத்தான் அணுகல் வசதி என்கிறோம். ராம்ப் அதில் ஒரு மதகு மட்டும்.

தடை எங்கே இருக்கிறது?

"அவருக்கு நடக்க முடியாது, அதனால் அருவிக்கு வர முடியாது" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். இதில் காரணம் முழுவதையும் அவர் உடம்பின்மேல் போட்டுவிட்டோம். அதே ஆள் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஒரு சமமான நீளத்தில் வீல்சேரைத் தானே உருட்டிக்கொண்டு நம்மைவிட வேகமாகப் போவார். அடுத்த பத்தடியில் முழங்கால் உயரக் கல் ஒன்று குறுக்கே இருந்தால் நின்றுவிடுவார். பத்தடிக்குள் அவர் உடம்பு மாறவில்லை, இடம்தான் மாறியது.

மாற்றுத்திறன் என்பதை உடம்பும் இடமும் சேர்ந்து உண்டாக்குகிற ஒரு நிலையாகப் பார்ப்பதுதான் இன்றைய பார்வை. ஒரு மனிதர் மற்றவர்களைப் போலப் பங்கெடுப்பதை மறிக்கிற எதுவும் தடை. கல்படியும் தடைதான், எழுத்து தெரியாதவருக்கு வெறும் எழுத்தாக நிற்கும் அறிவிப்புப் பலகையும் தடைதான், "உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை" என்கிற வாயும் தடைதான்.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் எண்ணிக்கையும் மாறிவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றது, 2016-இன் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அந்தக் கணக்கில் சேராதவர்களோ இன்னும் பல மடங்கு. ஏழாம் மாதக் கர்ப்பிணி, கைக்குழந்தையும் பையும் தூக்கிவரும் தாய், கால்கட்டோடு இருக்கும் கல்லூரிப் பையன், இதய அறுவை முடிந்து மெல்ல நடக்கச் சொல்லப்பட்டவர், 75 வயது அப்புச்சி. படியைக் கண்டதும் இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பெருமூச்சு விடுகிறார்கள். அந்த இரண்டாவது தவறான எண்ணம், அதாவது ஒரு சிலருக்கான சலுகை என்பது, இங்கேயே உடைந்துவிடுகிறது.

இதுவரை பார்த்தது: அணுகல் வசதி என்பது வீட்டு வாசலிலிருந்து திரும்பி வரும்வரை அறுபடாத ஓர் ஓட்டம். தடை பெரும்பாலும் இடத்தில் இருக்கிறது. இடத்தை நாம்தான் கட்டினோம் என்பதால் மாற்றவும் நம்மால் முடியும்.

ஒரு ராம்பும் இஞ்ச் டேப்பும்

ராம்ப் என்கிற சாய்தளத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஊரில் போடப்படுவதில் பல யாருக்கும் பயன்படாமல் போவது ஒரே ஒரு கணக்குப் பிழையால்தான்.

விதி 1:12. ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம். வாசலில் 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 45 செ.மீ. அதை 12-ஆல் பெருக்கினால் 540 செ.மீ., ஏறத்தாழ 18 அடி. மூன்றே படிக்குப் பதினெட்டு அடியா என்று மேஸ்திரி மலைப்பார். இடமில்லை என்று ஆறடியில் முடித்துவிடுவார். அப்போது அது 1:4 ஆகிவிடுகிறது. வீடுகளில் ஸ்கூட்டர் ஏற்ற வாசலில் போடுகிற சாய்வு அந்தக் கணக்குதான். இன்ஜின் உள்ள வண்டி அதில் ஏறிவிடும். வீல்சேரில் இருப்பவர் தன் கைபலத்தில் ஏறினால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழப் பார்க்கும். இறங்கும்போது பிடி நிற்காது. துணைக்கு வரும் மனைவியோ தங்கையோ தள்ளிப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றுவிடுவார்கள். படமெடுத்துக் காட்டினால் ராம்ப் இருக்கிறது, பயன்படுத்தப் போனால் இல்லை.

சாய்வு சரியாக இருந்தாலும் இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், ஓரத்தில் சக்கரம் நழுவாமல் சின்ன விளிம்பு வேண்டும், மழையில் வழுக்காத தரை வேண்டும், நீளம் கூடினால் நடுவில் இளைப்பாற ஒரு சமதளம் வேண்டும். பளபளவென்று கிரானைட் ஒட்டுகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடலாம்.

அடுத்தது வாசல். பைக் உள்ளே வராமல் இருக்க, மாடு நுழையாமல் இருக்க, பூங்கா வாசலில் இரும்புக் குழாய்களை நெருக்கமாக நட்டுவிடுகிறார்கள், அல்லது வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்பு வைக்கிறார்கள். சாதாரண வீல்சேரின் அகலமே 65 முதல் 70 செ.மீ. கைகளால் சக்கரத்தை உருட்ட இடமும் சேர்த்தால் 90 செ.மீ. வழி வேண்டும். குழாய்களுக்கு நடுவே 50 செ.மீ. விட்டிருந்தால், உள்ளே லட்சக்கணக்கில் செலவழித்துப் போட்ட நடைபாதை அவரைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. ஒரே ஒரு குழாயைப் பிடுங்கினால் சரியாகிவிடுகிற விஷயம் இது.

நடைபாதைகளில் பதிக்கும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களையும் பலர் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். பார்வையற்றவர்கள் காலாலும் கைத்தடியாலும் படிக்கிற எழுத்து அது. நீளக் கோடு என்றால் நேராகப் போ, வட்டப் புள்ளி என்றால் நில், கவனி. ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கியது. 1967-இல் ஒகாயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகில் முதன்முதலில் பதித்தார்கள். இதைக் கொண்டுபோய் ஒரு மின்கம்பத்தில் முட்டவைத்தால், நம்பி நடந்துவந்தவர் நெற்றியில்தான் அடி விழும்.

யாரும் பேசாத கழிவறை

இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால்தான் இது கடைசியில் வருகிறது. எனக்கு இதுதான் முதலில் வரவேண்டும் என்று தோன்றுகிறது.

வெளியூர் கிளம்பும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது நம் ஊரில் சர்வ சாதாரணம். போகிற இடத்தில் என்ன இருக்குமோ தெரியாது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு அப்படி அடக்கவும் முடியாது. அவர்கள் வராமல் இருந்துவிடுகிறார்கள். அருவிக்கும் அணைக்கும் போகும் இடங்களில் நனைந்த துணி மாற்ற மறைவாக ஓர் அறை இல்லையென்றால், பெண் பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் குளிப்பதைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

வீல்சேர் நுழையும் கழிவறைக்குள், நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப ஏறக்குறைய 150 செ.மீ. குறுக்களவுள்ள இடம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், ஏனென்றால் உள்ளே விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே மறித்துவிடும். கைப்பிடிக் கம்பி வேண்டும். அப்புறம் ஒன்று: வளர்ந்த மகனுக்கு அம்மாவோ, மனைவிக்குக் கணவரோ உதவிக்குப் போகவேண்டிய நிலை இருக்கிறது. ஆண், பெண் என்று மட்டும் இரண்டு கதவு இருந்தால் அவர்கள் எதற்குள் போவார்கள்? துணையோடு நுழையக்கூடிய பொதுவான ஓர் அறை இருந்தால் பல குடும்பங்கள் முதன்முறையாக அரைநாள் முழுவதும் வெளியே இருக்கமுடியும்.

கண்ணுக்குத் தெரியாத தடைகள்

சத்தம். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு நம் காதுக்குச் சாதாரணமாகப் படுகிற ஒலிபெருக்கியும் ஹாரனும் நெருக்கமான கூட்டமும் ஒரே நேரத்தில் மூளைக்குள் கொட்டுவதுபோல் இருக்கும். ஒலி, ஒளி, தொடுகை எல்லாம் தாங்கும் அளவைத் தாண்டிப்போகும் இந்த நிலைக்குப் புலன் சுமை என்று பெயர். குழந்தை காதைப் பொத்திக்கொண்டு கத்தும், தரையில் உருளும். பக்கத்தில் நிற்பவர்கள் "புள்ளைய வளர்க்கத் தெரியல" என்பார்கள். அந்தத் தாய் அடுத்த முறை வரமாட்டார். இதற்குக் கட்டடம் எதுவும் வேண்டாம். வாரத்தில் ஒரு காலை ஒலிபெருக்கியை நிறுத்திவைக்கலாம். எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று முன்கூட்டியே சொல்லலாம். மரத்தடியில் ஒதுக்குப்புறமாக ஓர் இடம் விடலாம்.

மொழி. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒடியா, வங்காளி, இந்தி பேசும் தொழிலாளர்கள் இப்போது குடும்பமாகவே இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, அவர்கள் குழந்தைகளுக்கும் தண்ணீரைக் கண்டால் குதிக்கத் தோன்றுகிறது. "ஆழமான பகுதி, இறங்காதீர்" என்று தமிழில் மட்டும் எழுதிய பலகை அவர்களைக் காப்பாற்றாது. மூழ்கும் ஆள் ஒருவரின் படமும் சிவப்புக் குறுக்குக்கோடும் எந்த மொழிக்காரருக்கும் புரியும். படிக்கத் தெரியாத நம் ஊர்ப் பாட்டிக்கும் புரியும். திருப்பூருக்குப் பக்கத்திலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024-இல் சேர்ந்தது. அங்கே ஒரு பறவையின் படத்தோடு இரண்டு மூன்று மொழிகளில் பெயர் எழுதிவைத்தால், வங்கத்திலிருந்து வந்த ஒரு குழந்தை தன் ஊர்க் குளத்தில் பார்த்த பறவையை இங்கே அடையாளம் கண்டுகொள்ளும்.

காசு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கும், திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் துணையாளருக்கும் கட்டணமில்லை. நல்ல வழி திறந்திருக்கிறது. ஆனால் பேருந்தின் முதல் படி முழங்காலுக்கு மேல் இருந்தால், இலவசப் பயணம் இருந்தும் ஏறமுடியாது. பேருந்து நிறுத்தத்திலிருந்து பூங்கா வாசல் ஒரு கிலோமீட்டர் வெயிலில் இருந்தாலும் அப்படித்தான்.

சாதி. கொங்கு நாட்டில் இதை விட்டுவிட்டுப் பேசினால் பேச்சு நேர்மையாக இருக்காது. கிணற்றிலும் குளத்திலும் படித்துறையிலும் யார் இறங்கலாம் என்று பிறப்பைப் பார்த்து முடிவு செய்த வழக்கம் நம் தாத்தா பாட்டிகள் கண்முன் நடந்தது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் என்று பெயர் சொல்லியே எழுதி, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் எதைக் காட்டியும் அங்கே யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. 1950-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் சில குடும்பங்கள் ஓர் இடத்துக்குப் போகும் முன் "அங்க ஒண்ணும் பிரச்சனை வராதே?" என்று ஒரு முறை யோசிக்கிறார்கள். அந்த யோசனை இருக்கும்வரை பொது இடம் இன்னும் முழுசாகப் பொதுவாகவில்லை. வாசலில் நிற்கும் ஊழியர் எல்லோரையும் ஒரே மாதிரி "வாங்க" என்று சொல்கிறாரா என்பதில் இது தொடங்குகிறது.

சுருக்கமாக: கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கும் தடையை அளந்து சரிசெய்யலாம். சத்தம், மொழி, காசு, சாதி என்று வரும் தடைகளை அளக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பொதுவாகக் கட்டுவதும் தனியாக மாற்றிக்கொடுப்பதும்

இந்தத் துறையில் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, எல்லோருக்குமான வடிவமைப்பு. ஓர் இடத்தையோ பொருளையோ முதல் நாளிலிருந்தே முடிந்தவரை எல்லோரும் பயன்படுத்தும்படி உருவாக்குவது. சிறுவயதில் போலியோ வந்து வீல்சேரில் வாழ்ந்த ரொனால்ட் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1980-களில் இந்தக் கருத்தைப் பரப்பினார். படியே இல்லாத நுழைவாயில் இதற்கு நேரான உதாரணம். அதில் வீல்சேரும் போகும், தள்ளுவண்டியில் குழந்தையும் போகும், இளநீர்க் கூடையும் போகும். யாருக்காகக் கட்டியது என்றே தெரியாது.

இரண்டாவது, தக்க மாற்று ஏற்பாடு. பொதுவாக எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் ஒருவருக்கு மட்டும் பொருந்தாமல் போகலாம். அப்போது அவருக்காக நடைமுறையை மாற்றிக்கொடுப்பது. பில்லூர் நீர்த்தேக்கத்துப் பக்கம் பரளிக்காட்டில் வனத்துறையும் அங்குள்ள பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்துகிற பரிசல் சவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசலுக்குள் வீல்சேரை ஏற்றமுடியாது. ஆனால் கூட்டம் ஏறும் முன் அவரை முதலில் ஏற்றி, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, உயிர்காப்பு உடையைச் சரியாக இறுக்கி, நாற்காலியைக் கரையில் யாராவது பார்த்துக்கொண்டால் அவரும் தண்ணீர்மேல் போகலாம். செலவு எதுவும் இல்லை, ஐந்து நிமிடப் பொறுமை போதும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டையுமே சொல்கிறது. கலை, பொழுதுபோக்கில் பங்கெடுப்பதை 29-ஆம் பிரிவிலும், விளையாட்டை 30-ஆம் பிரிவிலும் தனியே எழுதியிருக்கிறது. மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் வழி விட்டால் போதும், ஊர்சுற்றுவது ஆடம்பரம் என்கிற எண்ணத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக நின்றுவிடக்கூடாது, கட்டாயமாகப் பின்பற்றவேண்டிய குறைந்தபட்ச விதிகளை அரசு வகுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

"நாங்க தூக்கிட்டுப் போறோமுங்க"

நம் ஊர் மனிதர்கள் இரக்கம் உள்ளவர்கள். படியில் ஒரு வீல்சேர் நின்றால் நான்கு பேர் ஓடிவந்து தூக்கிவிடுவார்கள். அந்த நல்ல மனதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தூக்கப்படுகிறவர் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். முன்பின் தெரியாத நான்கு ஆண்கள், கூட்டத்தின் நடுவே, ஒரு பெண்ணை நாற்காலியோடு தூக்குகிறார்கள். ஒருவர் கழற்றக்கூடிய கைப்பிடியைப் பிடித்துவிட்டால் அது கையோடு வந்துவிடும், ஆள் கீழே. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள், யாரோ படம் எடுக்கிறார்கள். இறங்குவதற்கும் இதே நான்கு பேரைத் தேடவேண்டும். அடுத்த முறை "நான் ஊட்டப் பாத்துக்கறேன்" என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்?

உதவி தேவைப்படுகிற நேரம் வரும். அப்போது "உதவட்டுங்களா? எப்படிப் பிடிக்கணும், சொல்லுங்க" என்று அவரிடமே கேட்கவேண்டும். கூட வந்தவரிடம் கேட்கக்கூடாது.

காட்டுக்குள் சிமென்ட் போடச் சொல்கிறீர்களா?

இல்லை. வெள்ளியங்கிரியின் ஏழு மலைக்கும் ராம்ப் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கொல்லிமலை ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. அருவி அருவியாக இருக்கட்டும், காடு காடாக இருக்கட்டும். ஆனால் அருவி தெரிகிற ஒரு மேட்டில், வண்டி நிற்கும் இடத்திலிருந்து சமமான ஐம்பது மீட்டர் பாதையும், கைப்பிடியும், சாய்ந்து உட்கார ஒரு பெஞ்சும் போட்டால் காட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இறுக்கி அடித்த மண் பாதையிலேயே வீல்சேர் போகும். சிமென்ட்டே வேண்டியதில்லை, தளர்ந்த ஜல்லியும் மணலும்தான் சக்கரத்துக்கு எதிரி.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரத்தாலேயே ஒரு நிரந்தரப் பாதை போட்டார்கள். அலையைத் தூரத்திலிருந்தே பார்த்துப் பழகியவர்கள் அதன் பக்கத்தில் போய் நின்றார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது, அப்புறம் சரிசெய்தார்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு யார் பராமரிப்பது என்பதும் இந்த ஓட்டத்தில் ஒரு மதகு என்று அது காட்டியது.

எங்கிருந்து தொடங்குவது?

பெரிய திட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். முதலில் தகவல். எத்தனை படி, கழிவறை எங்கே, உட்கார நிழல் உண்டா, வண்டி எதுவரை போகும் என்று நுழைவாயிலிலும் இணையத்திலும் உள்ளதை உள்ளபடி எழுதிவைத்தாலே, "நாமும் போகலாமா" என்று வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்க முடியும். "எல்லா வசதியும் உண்டு" என்று பொதுவாக எழுதுவதைவிட "12 படி, ஒரு பக்கம் கைப்பிடி" என்று எழுதுவது ஆயிரம் மடங்கு உதவும்.

அடுத்து, ஒரு நாள் இஞ்ச் டேப்போடு போய் நடந்து பார்ப்பது. வீல்சேரில் இருப்பவர் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர், சின்னக் குழந்தையோடு ஒரு தாய், ஒரு பெரியவர் என்று நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் போகவேண்டும். எங்கே நின்றுபோனார்களோ அதுதான் முதலில் சரிசெய்ய வேண்டிய இடம். அவர்கள் இல்லாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட வரைபடத்தில்தான் 1:4 ராம்புகள் பிறக்கின்றன.

உங்கள் ஊர்க் குளத்துக்கரை, ஏரிப் பூங்கா, படித்துறை ஊராட்சியின் கையில் இருந்தால் கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. "மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி செய்து தரவேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் அது கோப்போடு தூங்கிவிடும். "வாசலில் நடுக்குழாயை எடுத்து 90 செ.மீ. வழி விடவேண்டும், கழிவறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றவேண்டும்" என்று அளவோடு கேளுங்கள். வீல்சேருக்கென்று கட்டிய கழிவறை ஏற்கெனவே இருந்தால், அதற்குள் துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்களா, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.